அத்தியாயம் 6: வந்து வந்து போன புள்ளி

“என்னை மன்னிச்சிட்டாராம் மேடம்” என்றாள் ஷாரோன். “சின்னப் பொண்ணு, ஆசையில செஞ்சிட்டா, வுட்டுடுங்கன்னு எல்லார் முன்னாடியும் சொல்லிகிறாரு. திருடாதவளுக்கு இன்னாத்துக்கு மன்னிப்பு?”

அழவில்லை. அழுதிருந்தால் ஏசுபாதத்துக்குச் சுலபமாக இருந்திருக்கும். செங்கல்பட்டில் ஜெராக்ஸ் கடைக்கு மேலே இருக்கும் அந்தத் துப்பறியும் அலுவலகத்தில், அழுகிறவர்களுக்கு டீ வாங்கிக் கொடுப்பதும் அழாதவர்களைச் சிரிக்க வைப்பதும் அவன் பொறுப்பு. இந்தப் பெண் இரண்டு கணக்கிலும் சேரவில்லை. நாற்காலியில் முதுகு சாயாமல் உட்கார்ந்து, மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்த ரோகிணியை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். வயது இருபத்து நாலுக்கு மேல் இருக்காது.

ரோகிணிக்கு நாற்பத்து மூன்று. பதினெட்டு வருஷம் இன்சூரன்ஸ் கம்பெனிக்காக, எரிந்த கடை தானாக எரிந்ததா, இடித்த லாரி நிஜமாகவே இடித்ததா என்று பார்த்துப் பார்த்துச் சலித்துப்போய், சொந்தமாகப் போர்டு மாட்டியவள். வருகிற கேஸில் முக்கால்வாசி மாப்பிள்ளை விசாரணைதான். பையன் குடிப்பானா, சொன்ன சம்பளம் நிஜமா என்று கண்டுபிடிக்கப் பெரிய மூளை தேவையில்லை, ஏசுபாதமே போதும். பதினைந்து வருஷம் கூரியர் பை சுமந்தவன் அவன். இந்தத் தாலுகாவில் அவனுக்குத் தெரியாத தெரு கிடையாது. வாயை மூடத் தெரியாது என்பது ஒன்றுதான் குறை, அதையும் அவன் குறையாக நினைக்கவில்லை.

ஷாரோன் சொன்னதைச் சுருக்கினால் இவ்வளவுதான். ஊர் மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் கடலோரம், நெம்மேலி. வேலை இங்கே சம்பத் ஸ்டுடியோவில். மஞ்சள் நீராட்டு, வளைகாப்பு என்று பெண்கள் கூடுகிற இடத்துக்குப் பெண் போட்டோகிராபர்தான் வேண்டும் என்று கேட்பவர்கள் பெருகிவிட்டதால், ஸ்டுடியோவின் ஒரே டிஜிட்டல் எஸ்.எல்.ஆர். கேமரா பாதி நாள் அவள் தோளில்தான் தொங்கும். புரட்டாசியில் கல்யாணம் கிடையாது, கேமரா சும்மா இருந்தது. ஆயுத பூஜைக்கு முதல் நாள் விடிகாலை அதை எடுத்துக்கொண்டு மாமல்லபுரம் கடற்கரைக்குப் போனாள். அங்கே எடுத்த ஒரு படத்தைக் கடற்கரைப் படக் கழகத்தின் போட்டிக்கு அனுப்பினாள்.

அந்தப் படத்தின் பிரிண்ட் மேஜைமேல் கிடந்தது. எழும்பி நிற்கிற ஓர் அலை, அதன் முதுகில் மூக்கைத் தூக்கிய படகு, தூரத்தில் கடற்கரைக் கோயில். படகிலிருந்து குதித்த ஒரு மீனவர் படகுக்கும் தண்ணீருக்கும் நடுவில் காற்றில் நிற்கிறார். ஏசுபாதத்துக்குப் படக்கலை தெரியாது. ஆனாலும் அந்த மனிதர் எப்போது தண்ணீரில் விழுவார் என்று இரண்டு தரம் பார்த்தான்.

இதே படத்தை இன்னொருவரும் அனுப்பியிருந்தார். லக்ஷ்மிநாராயணன், அணுசக்தி ஆராய்ச்சி மையத்தில் விஞ்ஞானியாக இருந்து ஓய்வு பெற்றவர், ஊரப்பாக்கத்தில் வீடு. விஜயதசமிக்கு மறுநாள் சம்பத்திடம் இதே கேமராவை வாடகைக்கு எடுத்து, அதே கடற்கரையில் படம் பிடித்தவர். கழகத்துக்கு ஒரே படம் இரண்டு உறையில் வந்து சேர்ந்ததும் செயலாளர் காசிநாதன் தீர்ப்புச் சொல்லிவிட்டார். கேமரா படத்தை இரண்டு விதமாகக் கொடுக்கும். ஜேபெக் என்பது கேமராவே வேகவைத்துத் தருகிற சோறு, ரா என்பது வேகாத அரிசி. அரிசியிலிருந்து சோறு வரும், சோற்றிலிருந்து அரிசி வராது. லக்ஷ்மிநாராயணனிடம் ரா இருக்கிறது. ஷாரோனிடம் ஜேபெக் மட்டும்தான். ஆகவே அவர் திருப்பிக் கொடுத்த கார்டிலிருந்து இவள் சுட்டுவிட்டாள் என்பது தீர்ப்பு, எல்லார் முன்னாடியும் இவளை மன்னித்தவர் லக்ஷ்மிநாராயணன்.

“அரிசி அவராண்ட கீது, சோறு உன்னாண்ட கீது” என்றான் ஏசுபாதம். “அதனால குண்டான்ல கைய வுட்டது நீதான்னு ஆயிடுச்சி.”

“ஏசு” என்றாள் ரோகிணி. அவ்வளவுதான், அவன் வாயை மூடினான்.

போட்டியின் பரிசு கோப்பையோ சால்வையோ அல்ல. கோவளத்திலிருந்து சதுரங்கப்பட்டினம் வரை கடலோர ஊர்களைப் பற்றிக் கழகம் ஒரு பெரிய புத்தகம் கொண்டுவரப் போகிறது. ஒரு வருஷம் அதற்குப் படம் எடுக்கிற வேலைதான் பரிசு. இன்று மாலை ஐந்து மணிக்கு மாமல்லபுரத்தில் அறிவிப்பார்கள். வேலை போனால் போகிறது என்று விட்டுவிடலாம் என்றுதான் ஷாரோன் முதலில் நினைத்தாளாம். ஆனால் கல்யாண வீட்டில் நகை இருக்கிற அறைக்குள் கேமராவோடு போகிறவள் அவள். திருடி என்று ஒரு பேச்சு வந்துவிட்டால் எந்த வீட்டுக்காரர் உள்ளே விடுவார்? சம்பத் எத்தனை நாள் வைத்திருப்பார்?

ஸ்டுடியோ கம்ப்யூட்டரில் படம் ஏற்றிய தேதி இருக்குமே என்று ரோகிணி கேட்டாள். வைரஸ் வந்து போன வாரம்தான் அதைச் சுத்தமாகத் துடைத்துவிட்டார்களாம். மற்ற படங்களெல்லாம் போயிற்று, பென் டிரைவில் வைத்திருந்த இந்த ஒன்றுதான் மிச்சம்.

ரோகிணி மணியைப் பார்த்தாள். பதினொன்றரை. “ஸ்டுடியோவுக்குப் போவோம்” என்றாள்.

சம்பத் ஸ்டுடியோவில் ஆயுத பூஜை முடிந்து மூன்று வாரம் ஆகியும் பொட்டு காயவில்லை. டிரைபாடுக்குப் பொட்டு, பிளாஷுக்குப் பொட்டு, பேட்டரி சார்ஜருக்குப் பொட்டு. கம்ப்யூட்டர் மவுஸின் முதுகில்கூடச் சந்தனம் வைத்துக் குங்குமம் இட்டிருந்தது. மவுஸ் பிள்ளையார் வாகனமாயிற்றே, தனியாகக் கொழுக்கட்டை வைத்தீர்களா என்று ஏசுபாதம் விசாரித்தான். ஐம்பது வயது சம்பத்துக்குச் சிரிப்பு வரவில்லை. பொண்ணு நல்ல பொண்ணு, லக்ஷ்மிநாராயணனும் நல்ல கஸ்டமர், நடுவில் என் தலை உருளுது, ஒரே பேஜாராக இருக்கு என்று புலம்பிக்கொண்டே கேமராவை எடுத்து வைத்தார்.

ரோகிணி அதைத் தொடவில்லை, முதலில் கேள்விதான் கேட்டாள். கேமரா ஜேபெக்கில் எடுக்கிறதா, ராவிலா?

சம்பத் பெருமையாகப் பதில் சொன்னார். வாங்கும்போதே கடைக்காரர் கேட்டாராம், எதில் வைக்கட்டும் என்று. ஒன்றுக்கு இரண்டாக இருக்கட்டும், இரண்டிலும் வை என்று சொல்லிவிட்டாராம். அன்றிலிருந்து ஒரு தரம் அமுக்கினால் ஒரு ஜேபெக், ஒரு ரா, இரண்டும் கார்டில் விழுகிறது. ரா எதற்கு என்று அவருக்கும் தெரியாது, அதைத் திறக்கிற சாப்ட்வேரும் ஸ்டுடியோவில் இல்லை. கார்டு மட்டும் சீக்கிரம் ரொம்பிவிடுகிறது. முந்நூறு படம் வரும் என்றார்கள், நூற்றுக்கே மூச்சு முட்டுகிறது.

“அந்த ரா ஃபைல் கம்ப்யூட்டர்ல எப்படித் தெரியும்?” என்று ரோகிணி ஷாரோனைக் கேட்டாள்.

“வெள்ளப் பேப்பர் மாதிரி நிக்கும் மேடம். தொறந்தா தொறக்காது. அது கேமராவோட சொந்த ஃபைலு, அதத் தொட்டா கேமரா கெட்டுப்பூடும்னு சம்பத் அண்ணன் சொல்லிகிறாரு. அதனால படத்த மட்டும் காப்பி பண்ணிகினு, கார்டுல படத்த மட்டும் அழிச்சிடுவேன். வெள்ளப் பேப்பர் அப்படியே கெடக்கும். கார்டு ரொம்பிச்சின்னா கேமராவுல போட்டு மொத்தமா அழிச்சி ஃபார்மேட் பண்ணிடுவோம்.”

“கடலுக்குப் போன அன்னைக்கு?”

அன்று காலையில்தான் ஃபார்மேட் செய்துவிட்டுப் போனாளாம். எத்தனை படம் எடுத்தாய் என்றதற்கு, யோசிக்காமல் எண்ணிக்கை சொன்னாள். சும்மா அமுக்கினால் கேமரா தேயும் என்று சம்பத் திட்டுவார், அதனால் எப்போதும் எண்ணித்தான் எடுப்பாள். வெளியே எடுத்தால் லென்ஸின் துளை எண் பதினாறு, மண்டபத்துக்குள் என்றால் ஐந்து புள்ளி ஆறு, மாற்றக் கூடாது என்பதும் அவர் போட்ட சட்டம்தான்.

ஏசுபாதத்துக்கு அப்போதுதான் விளங்கியது. ஷாரோன் எடுத்த படங்களின் அரிசியெல்லாம் கார்டிலேயே கிடந்திருக்கிறது. அதே கார்டை வாடகைக்கு எடுத்துப் போனவர் அதைப் பார்த்திருக்கிறார், நல்லதாக ஒன்றைப் பொறுக்கிக்கொண்டார். “மேடம், கேஸ் முடிஞ்சிது” என்றான்.

அவர் எல்லாமே நான் எடுத்தது என்று சொன்னால் என்ன செய்வாய் என்று ரோகிணி கேட்டாள். படத்துக்குள் எடுத்த தேதியும் நேரமும் பதிந்திருக்குமே என்றான். அதற்குச் சம்பத் கையை விரித்தார். அந்தக் கேமராவில் கடிகாரம் பழுது. பேட்டரியைக் கழற்றி மாட்டினால் மறுபடி ஜனவரி ஒன்று, நள்ளிரவு பன்னிரண்டு மணியிலிருந்து ஓட ஆரம்பிக்கும். ஷாரோனும் காலையில் பேட்டரி போட்டாள், அவரும் காலையில் போட்டார். இரண்டு பேருக்கும் அன்று புத்தாண்டு.

ரோகிணி இப்போதுதான் கேமராவைக் கையில் எடுத்தாள். உடலின் நெற்றியில் ஒரு பொட்டு. லென்ஸைத் திருகிக் கழற்றினாள். லென்ஸின் பின் விளிம்பில் தனியாக ஒரு பொட்டு. கேமராவின் திறந்த வாயைச் சுற்றியிருந்த வளையத்திலும் சிவப்பாகக் கொஞ்சம் ஒட்டியிருந்தது.

“பூஜைக்குக் கழட்டியா வெச்சீங்க?”

“பின்ன? கேமரா ஒரு ஆயுதம், லென்ஸு ஒரு ஆயுதம். ரெண்டையும் சேத்து ஒரு பொட்டு வெச்சா சரஸ்வதிய ஏமாத்துற மாதிரி ஆயிடாதா மேடம்? ராத்திரி பூரா பூவும் குங்குமமும் போட்டுத் தொறந்துதான் வெச்சிருந்தேன்.”

 கவுண்டரில் ஐப்பசி கல்யாணங்களின் பிரிண்டுகள் அடுக்கியிருந்தன. ரோகிணி அவற்றைப் புரட்டினாள். மண்டபத்துக்குள் எடுத்தவை பழுதில்லை. வெயிலில், வானம் தெரிய எடுத்தவற்றில் மட்டும், வலது மேல் மூலையில் மங்கலாக ஒரு புள்ளி. ஒரு கல்யாணப் பெண்ணின் தலைக்கு மேலே அது கொசு மாதிரி நின்றது. அடுத்த கல்யாணத்திலும் அதே இடத்தில் அதே கொசு. “லேப்காரன் பண்ற வேலை மேடம், நானும் சண்ட போட்டுட்டேன்” என்றார் சம்பத். புரட்டாசிக்கு முந்திய படங்களைக் கேட்டு வாங்கிப் பார்த்தாள். ஒன்றிலும் கொசு இல்லை.

பிறகு ஒரு துண்டுத் தாளை ஷாரோனிடம் நீட்டி, அன்று எடுத்த படங்களின் எண்ணிக்கையை எழுதச் சொன்னாள். மடித்து ஏசுபாதத்தின் சட்டைப் பையில் வைத்தாள். நான் சொல்லும்வரை எடுக்கக் கூடாது, வாயாலும் சொல்லக் கூடாது என்று உத்தரவு. இரண்டாவது நிபந்தனைதான் அவனுக்குக் கஷ்டம்.

திருக்கழுக்குன்றம் வழியாக ரோகிணியின் பழைய மாருதி ஊர்ந்தது. ஏசுபாதம் வழி நெடுக லக்ஷ்மிநாராயணனைக் கற்பனை செய்துகொண்டு வந்தான். தங்க பிரேம் கண்ணாடி, ஓரக்கண் பார்வை, பேச்சில் தேன். நிமிஷத்துக்கு ஒருமுறை மன்னிப்பு வழங்குகிற ஆள். போனதும் சட்டையைப் பிடிக்கலாமா, சாப்பிட்டுவிட்டுப் பிடிக்கலாமா என்பது ஒன்றுதான் அவனுக்குச் சந்தேகம்.  மாமல்லபுரத்தில் கடற்கரையை ஒட்டிய ஒரு ஓட்டல் மண்டபத்தின் வாசலில் இறங்கியதும் ஷாரோன் தயங்கினாள். உள்ளே வரவே கால் கூசுகிறது என்றாள். ரோகிணி அவள் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

மண்டபத்தில் படங்களை வரிசையாக மாட்டியிருந்தார்கள். நடுச்சுவரில் முதல் பரிசுப் படத்துக்கு மட்டும் இடம் காலியாக இருந்தது. பக்கத்துச் சின்ன அறையில் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தார் லக்ஷ்மிநாராயணன்.

ஏசுபாதம் ஏமாந்து போனான். வில்லன் என்றால் ஒரு லட்சணம் வேண்டாமா? இவர் அறுபத்தோரு வயதுக் குழந்தை மாதிரி இருந்தார். வெள்ளைக் கேன்வாஸ் ஷூ, பதினொரு பை வைத்த கோட்டு. ஷாரோனைப் பார்த்ததும் எழுந்து “வாம்மா, உட்காரு” என்று தன் நாற்காலியைக் கொடுத்தார். அவள் உட்காரவில்லை. ரோகிணி யார், எதற்கு வந்திருக்கிறாள் என்று சொன்னதும் கோபப்படவில்லை, தாராளமாகப் பாருங்கள் என்று லேப்டாப்பைத் திருப்பி வைத்தார். சொந்தக் கேமரா ஏன் வாங்கவில்லை என்று ஏசுபாதம் கேட்டதற்கு, ஒரு பிளாஸ்டிக் உறையிலிருந்து தாள்களை எடுத்துப் பரப்பினார். பதினான்கு கேமராக்கள், அவற்றின் மெகாபிக்சல், எடை, லென்ஸ், திரை அளவு என்று கட்டம் கட்டி ஒப்பிட்டிருந்தார். எட்டு மாதமாக ஒப்பிடுகிறார். முடிவு செய்யப்போகிற நேரத்தில் புதிதாக ஒரு மாடல் வந்து பதினைந்தாவது கட்டம் போட வேண்டியதாகிவிடுகிறது.

“பொண்ணு பாக்கறவங்க தோத்தாங்க சார்” என்றான் ஏசுபாதம். அவர் ரசித்துச் சிரித்தார். அதுவும் அவனுக்குப் பிடிக்கவில்லை, ஏனென்றால் ஆளை வெறுக்க முடியவில்லை.

ரா எடுப்பது மட்டும் அவர் முதல் நாளே முடிவு செய்த விஷயமாம். வெளிச்சம் கூடினாலும் குறைந்தாலும் பிறகு சரிசெய்துகொள்ளலாம், ஜேபெக்கில் அந்த வசதி குறைவு. அதனால் வீட்டுக்குப் போனதும் ரா படங்களை மட்டும் ஏற்றி, நேர வரிசைப்படி ஒன்று முதல் எண்பத்தேழு வரை புதுப் பெயர் வைத்துவிட்டார். எண்பத்தேழு தடவை அமுக்கினோமா என்று எண்ணினீர்களா என்று ரோகிணி கேட்டாள். டிஜிட்டலில் யார் எண்ணுவார்கள் என்றார் அவர். சூரியன் எழும்பியதும் கை நிற்கவில்லை, அலை வந்தால் அமுக்கினேன், படகு வந்தால் அமுக்கினேன், வீட்டுக்கு வந்து பார்த்தால் எனக்கே ஆச்சரியம் என்றார். சொல்லும்போது அவர் முகம் மலர்ந்தது. பொய் சொல்கிறவர்கள் மூஞ்சியை ஏசுபாதம் நிறையப் பார்த்திருக்கிறான். இது அந்த மூஞ்சி இல்லை.

“நீங்க கை வைக்காத படங்களா வரிசையா காட்டுங்க சார்” என்றாள் ரோகிணி.

முதல் படத்திலேயே வானத்தின் வலது மூலையில் அந்தக் கொசு நின்றது. கேட்பதற்கு முன்னாலேயே அவர் விளக்கினார். கேமராவுக்குள் படம் பதிகிற சென்சார்மேல் தூசு உட்கார்ந்திருக்கிறது, அதன் நிழல் எல்லாப் படத்திலும் அதே இடத்தில் விழும், போட்டிக்கு அனுப்புகிற படமென்றால் துடைத்துவிடலாம்.

“போட்டிக்கு அனுப்பின படத்துல துடைச்சீங்களா?”

“அதுலதான் அது விழவே இல்லையே. அதைத்தான் நான் கொடுப்பினைன்னு நெனச்சேன்.”

ரோகிணி ஏசுபாதத்தைத் திரும்பிப் பார்த்தாள். “ஒவ்வொரு படத்துலயும் புள்ளி இருக்கா இல்லையான்னு மட்டும் சொல்லு. வேற எதுவும் சொல்லாதே.”

“இருக்கு” என்றான் ஏசுபாதம். “இருக்கு. இல்ல. இருக்கு. இல்ல. இல்ல. இருக்கு.”

லக்ஷ்மிநாராயணன் பொறுமையாக விளக்கினார். லென்ஸுக்குள் ஒரு துளை இருக்கிறது, அதைப் பெரிதாகத் திறந்து வைத்தால் தூசு கரைந்துபோன மாதிரி தெரியாது, சிறிதாக மூடினால் பளிச்சென்று தெரியும். இதெல்லாம் சாதாரணம்.

அப்படியென்றால் புள்ளி இல்லாத படங்களிலெல்லாம் துளை பெரிதாக இருந்திருக்க வேண்டும், பார்த்துவிடலாமா என்றாள் ரோகிணி. எண் ஏற ஏறத் துளை சிறுக்கும். அவர் மூன்றாவது படத்தின் விவரத்தைத் திறந்தார். பதினாறு. நான்காவது படத்தைத் திறந்தார், புள்ளி இருக்கிற படம். அதுவும் பதினாறு. கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டு ஐந்தையும் ஆறையும் பார்த்தார். ஏழைப் பார்த்தார். எல்லாம் பதினாறு.

“உக்காந்த தூசு எழுந்து வெளியில போயிட்டு, மறுபடி அதே எடத்துல வந்து உக்காருமா சார்?”

 முப்பத்தைந்து வருஷம் கருவிகள் காட்டிய எண்ணை நம்பி வேலை பார்த்த மனிதர் அவர். அந்த எண் இப்போது அவருக்கு எதிராக நின்றது. ஏசுபாதம் இந்த நிமிஷத்துக்காகத்தான் செங்கல்பட்டிலிருந்து காத்துக்கொண்டு வந்தான். வந்ததும் ஏனோ சந்தோஷமாக இல்லை.

ரோகிணி மெதுவாகச் சொன்னாள். ஆயுத பூஜை அன்று கேமராவின் வாயைத் திறந்து வைத்து சம்பத் குங்குமம் போட்டதையும், அதற்குப் பிறகு அந்தக் கேமராவில் வெயிலில் எடுத்த எல்லாப் படத்திலும் கொசு நிற்பதையும் சொன்னாள். குங்குமத் தூள் விழாத படங்கள் பூஜைக்கு முன்னால் ஷாரோன் எடுத்தவை. வெள்ளைப் பேப்பர் என்று நினைத்து ஷாரோன் கார்டிலேயே விட்டுவைத்த ராவைப் பற்றிச் சொன்னாள். கடிகாரப் பழுதைச் சொன்னாள். இரண்டு பேருடைய படத்திலும் ஒரே ஜனவரி ஒன்று, நள்ளிரவு தாண்டிய ஒரே நேரம். நேர வரிசைப்படி அடுக்கச் சொன்னதும் இரண்டு சீட்டுக்கட்டைச் சேர்த்துக் கலைத்த மாதிரி அவருடைய சாப்ட்வேர் கலந்துவிட்டது. அவருக்குச் சந்தேகம் வர வழியே இல்லை. அதே கடல், அதே கோயில், அதே படகுகள்.

“யாருமே திருடல சார்” என்றாள் ரோகிணி. “நீங்களும் திருடல, இவளும் திருடல.”

லக்ஷ்மிநாராயணன் லேப்டாப் பக்கம் திரும்பினார். மவுஸை எடுத்து, புள்ளி இல்லாத படங்களை ஒவ்வொன்றாகத் தட்டித் தனியே நகர்த்தினார். காற்றில் நிற்கிற மீனவர் வந்தபோது மட்டும் கை கொஞ்சம் நின்றது. பிறகு அதையும் நகர்த்தினார். முடித்துவிட்டு எண்ணினார். “இருபத்தேழு” என்றார்.

ரோகிணி தலையசைத்தாள். ஏசுபாதம் சட்டைப் பையிலிருந்த தாளை எடுத்துப் பிரித்து அவர் முன்னால் வைத்தான். ஷாரோனின் குண்டு கையெழுத்தில் இருபத்தேழு என்று இருந்தது. மதியம் எழுதினது என்று மட்டும் சொன்னான், வேடிக்கையாக ஒன்றும் சொல்ல வரவில்லை.

அவர் அந்தத் தாளையே கொஞ்ச நேரம் பார்த்தார். “கொஞ்ச நேரம் என்னைத் தனியா விடறீங்களா?” என்று கேட்டார்.

ஏசுபாதம் நகரவில்லை. இருக்கிற ஆதாரம் முழுதும் அந்த லேப்டாப்புக்குள்தான். நல்ல மனிதராகவே இருக்கட்டும், தலைகுனிவு என்று வரும்போது கை எங்கே போகும் என்று யார் கண்டது? ரோகிணி ஷாரோனையும் கூட்டிக்கொண்டு, அவன் சட்டையைப் பிடித்து வெளியே இழுத்துவந்தாள். கண்ணாடிக் கதவு வழியாக அவன் பார்த்துக்கொண்டே நின்றான். அவர் எதையோ தேர்ந்தெடுத்தார், லேப்டாப்பின் பக்கவாட்டில் எதையோ செருகிக் காத்திருந்தார். திரையில் ஒரு கேள்விப் பெட்டி வந்தது. அழிக்கட்டுமா என்று கேட்கிற பெட்டி அது, ஏசுபாதத்துக்கு அந்த அளவுக்குக் கம்ப்யூட்டர் தெரியும். ஆம் என்று தட்டினார்.

“மேடம், அழிச்சிட்டாரு” என்று கத்தாத குறையாகச் சொல்லிக் கதவைத் தள்ளினான்.

லக்ஷ்மிநாராயணன் கையில் ஒரு சி.டி. இருந்தது. அதை ஷாரோனிடம் நீட்டினார். “இருபத்தேழும் இதுல இருக்கும்மா. எங்கிட்ட இருந்ததை அழிச்சிட்டேன். உன்னோடது உங்கிட்ட மட்டுந்தான் இருக்கணும்.”

ஷாரோன் வாங்கிக்கொண்டாள். போயிற்று என்று விட்டிருந்த இருபத்தாறு படங்களும் அதில் திரும்பி வந்திருந்தன. எல்லார் முன்னாடியும் உன்னைத் திருடி ஆக்கிவிட்டேன், அதை எல்லார் முன்னாடியும்தான் கழுவ வேண்டும் என்றார் அவர். பிறகு தயங்கித் தயங்கி ஒன்று கேட்டார். எட்டு மாதமாகக் கேமராக்களைப் பற்றியே படித்த மனிதருக்கு அதைக் கேட்பது சிரமமாகத்தான் இருந்திருக்கும்.

“அந்தப் படம். எந்த லென்ஸ்ல எடுத்தே? அலையை அவ்வளவு கிட்டத்துல எப்படிப் பிடிச்சே?”

“கேமராவோட வந்த லென்ஸுதான் சார், நீங்க மாட்டிகினு போனதுதான்.”

“அப்ப எங்க நின்னு எடுத்தே?”

சம்பத் காதில் விழுந்துவிடுமோ என்பது மாதிரி ஷாரோன் கதவுப் பக்கம் ஒருதரம் பார்த்துக்கொண்டாள். “தண்ணியில சார். இடுப்பு வரைக்கும். கேமராவத் தலைக்கு மேல தூக்கிப் புடிச்சிகினு போனேன். எங்க வூட்டாண்ட கடல்தானே, எந்த அலை எவ்ளோ ஏறும்னு எனக்குத் தெரியும்.”

ஏசுபாதம் வாயைப் பிளந்தான். ரோகிணிகூடச் சிரித்துவிட்டாள். லக்ஷ்மிநாராயணன் மட்டும் சிரிக்கவில்லை. கதவருகே நின்று, லேப்டாப் திரையில் மிச்சமிருந்த தன் அறுபது படங்களை ஒரு பார்வை பார்த்தார். எல்லாவற்றிலும் கடல் ஒரே தூரத்தில் இருந்தது.

ஐந்து மணிக்கு மண்டபம் நிறைந்திருந்தது. காசிநாதன் மைக்கின் முன்னால் தாளைப் பிரித்து லக்ஷ்மிநாராயணன் பெயரைப் படிக்கத் தொடங்கும்போது, அவரே மேடையேறி மைக்கை வாங்கிக்கொண்டார். கேமராவைப் பற்றியோ ராவைப் பற்றியோ ஒரு வார்த்தை பேசவில்லை.

“அந்தப் படம் ஷாரோன் எடுத்தது. மூணு வாரமா அது என்னோடதுன்னு நெனச்சிக்கிட்டிருந்தேன். என்னால அதை எடுத்திருக்க முடியாது. அவ கடலுக்குள்ள நின்னிருக்கா. நான் ஷூ நனையக் கூடாதுன்னு மணல்ல நின்னேன்.”

மைக்கைக் காசிநாதனிடம் கொடுத்துவிட்டு, கீழே இறங்கி வந்து, முதல் வரிசையில் தன் நாற்காலிக்குப் பக்கத்து நாற்காலியை ஷாரோனுக்காக இழுத்துப் போட்டார். இந்த முறை அவள் உட்கார்ந்தாள்.